விசாரணை முடியும் முன்னே விமானி மேல் பழி: ஒரு தந்தையின் கேள்வி

வாசகர் கேள்வி

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு விமானி பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். மாந்தோப்பை வைத்துக் கடன் வாங்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். அதற்குள் 2025 ஜூன் மாதம் அகமதாபாத் விமான விபத்து நடந்துவிட்டது. முதலில் பறவை மோதியது என்றார்கள். பிறகு எரிபொருளில் கலப்படம் என்றார்கள். ஜூலையில் விசாரணையின் முதற்கட்ட அறிக்கை வந்த நாளிலிருந்து ‘பைலட்தான் இன்ஜினை அணைத்துவிட்டான்’ என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் என் மச்சான் தினமும் ஒரு வீடியோ போடுகிறார். ‘இந்தத் தொழிலுக்கா பெண்பிள்ளையை அனுப்பப் போகிறீர்கள், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் செத்தவள் தலையிலேயே பழியையும் கட்டிவிடுவார்கள்’ என்று அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மகள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. உண்மையில் விமானிதான் காரணமா? முழுக் குரல் பதிவையும் ஏன் வெளியிட மறுக்கிறார்கள், எதையாவது மறைக்கிறார்களா? என் மகளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: ஓசூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் மாதம் வரை வெளிவந்திருக்கும் அதிகாரபூர்வமான எந்த ஆவணமும் அந்த விபத்துக்கு விமானிதான் காரணம் என்று சொல்லவில்லை. விமானி காரணமில்லை என்றும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதில் ஒரு பகுதியைச் சொல்லியிருக்கிறார்கள். அது ஏன் நடந்தது என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். உங்கள் மச்சான் அனுப்பும் வீடியோக்கள் எல்லாம் அந்தக் காலி இடத்தை நிரப்பப் பார்க்கின்றன. ஆகவே அறிக்கையில் இருப்பது எது, அதன்மேல் மற்றவர்கள் ஏற்றிச் சொல்வது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டன் காட்விக்குக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானத்தில் 242 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரே ஒருவர்தான் உயிர் பிழைத்தார். மருத்துவக் கல்லூரி விடுதி வளாகத்தில் விமானம் விழுந்ததால் தரையில் இருந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள். நம் நாட்டின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஜூலை 12 அன்று முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. மொத்தம் 15 பக்கங்கள்தான். உங்கள் மகளுக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இயற்பியல் தெரியும். குழுவில் வரும் எந்த வீடியோவையும் பார்ப்பதற்கு முன்னால் அவர் அதை ஒரு முறை படிப்பது நல்லது.

அந்த அறிக்கையின் மையமான பகுதி சில விநாடிகளைப் பற்றியது. நம் நேரப்படி பகல் 1 மணி 38 நிமிடம் 39 விநாடிக்கு விமானம் தரையை விட்டு எழும்புகிறது. 42ஆவது விநாடி வாக்கில் அது தன் உச்ச வேகமான 180 நாட் (knots) அளவை எட்டுகிறது. உடனே இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருளைத் திறந்து மூடும் ஸ்விட்ச்சுகள் ‘ரன்’ (திறந்த) நிலையிலிருந்து ‘கட்ஆஃப்’ (மூடிய) நிலைக்கு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு விநாடி இடைவெளியில் மாறுகின்றன. குரல் பதிவில் ஒரு விமானி மற்றவரிடம் ஏன் கட்ஆஃப் செய்தீர்கள் என்று கேட்கிறார்; மற்றவர் தான் அப்படிச் செய்யவில்லை என்கிறார். 52ஆவது விநாடியில் முதல் இன்ஜினின் ஸ்விட்ச்சும் 56ஆவது விநாடியில் இரண்டாவதன் ஸ்விட்ச்சும் மறுபடி ‘ரன்’ நிலைக்கு வருகின்றன. முதல் இன்ஜின் மீளத் தொடங்குகிறது. இரண்டாவது பற்றிக்கொண்டாலும் அதன் சுழற்சி வேகம் குறைவதை நிறுத்த முடியவில்லை. 1 மணி 39 நிமிடம் 5ஆவது விநாடியில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பு கேட்கிறது. 11ஆவது விநாடியில் பதிவு நின்றுபோகிறது. எழும்பியதிலிருந்து பதிவு நிற்பது வரை எல்லாம் சேர்த்து அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான், ஐயா.

இனி அறிக்கையில் இல்லாதவை. கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்று அதில் இல்லை. அவர்கள் பேசிய சொற்கள் அப்படியே தரப்படவில்லை; சாரம் மட்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. ஸ்விட்ச்சை ஒரு கை நகர்த்தியதா, நகர்த்தியிருந்தால் யாருடைய கை, தெரிந்து செய்ததா தெரியாமல் நேர்ந்ததா, அல்லது ஸ்விட்ச் இருந்த இடத்திலேயே இருக்க மின்சைகை மட்டும் மாறியதா என்பவற்றுக்கு அறிக்கை விடை தரவில்லை. கருப்புப் பெட்டி பதிவு செய்வது ஸ்விட்ச்சின் நிலை மாறியது என்ற மின்சைகையைத்தான். விமானிகள் அமரும் காக்பிட்டுக்குள் நடப்பதைப் படம் பிடிக்கும் கேமரா அதில் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்ட ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் வைத்துக்கொண்டு, பேசியவர் யார் என்றுகூடத் தெரியாமல், ஒருவரைக் கொலைகாரர் என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயமும் ஆகாது.

அந்த ஸ்விட்ச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இரண்டு தரப்பு வதந்திகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இரு விமானிகளுக்கும் நடுவில் இருக்கும் மேடையில், இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களுக்குக் கீழே, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக அவை இருக்கும். தற்செயலாகக் கை பட்டுவிடாமல் இருக்க இரு பக்கமும் தடுப்புகள் உண்டு. தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் சோதனையின்போது நானே பலமுறை அந்த வகை ஸ்விட்ச்சை இயக்கியிருக்கிறேன். குமிழை இரண்டு விரல்களால் பற்றி மேல்நோக்கி இழுக்க வேண்டும்; உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எதிர்த்து இழுப்பது விரலில் தெரியும்; குமிழ் தன் பள்ளத்தை விட்டு மேலே வந்த பிறகுதான் முன்னாலோ பின்னாலோ நகரும்; விட்டதும் அடுத்த பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். சட்டைக் கை உரசியோ கைப்பை இடித்தோ அது நகர்ந்துவிடாது. இதைச் சொல்லித்தான் ‘அப்படியென்றால் விமானிதான்’ என்று ஒரு தரப்பு முடித்துவிடுகிறது.

மறு தரப்பிலும் ஒரு ஆவணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு தகவல் அறிவிப்பை வெளியிட்டது. சில போயிங் 737 விமானங்களில் இந்த ஸ்விட்ச்சின் பூட்டும் அமைப்பு விலகிய நிலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்ததால், ஒத்த வடிவமைப்பு கொண்ட மற்ற ரகங்களிலும் சோதித்துப் பார்க்கச் சொன்ன பரிந்துரை அது. கட்டாய உத்தரவாக இல்லாததால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று முதற்கட்ட அறிக்கையே குறிப்பிடுகிறது. அந்த விமானத்தில் ஸ்விட்ச்சுகள் அமைந்திருக்கும் முழு நெம்புகோல் தொகுதியும் 2019இலும் 2023இலும் மாற்றப்பட்டிருந்தது என்பதையும், அந்த மாற்றங்கள் எரிபொருள் ஸ்விட்ச் கோளாறுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. விபத்துக்குப் பிறகு நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உத்தரவுப்படி மற்ற போயிங் விமானங்களில் பூட்டு அமைப்பு சோதிக்கப்பட்டு, தன் விமானங்களில் குறை எதுவும் இல்லை என்று ஏர் இந்தியா அறிவித்தது. எரிந்துபோன விமானத்தின் ஸ்விட்ச் அந்த நொடியில் எப்படி இருந்தது என்பதை மற்ற விமானங்களின் ஸ்விட்ச்சை வைத்து முடிவு செய்ய முடியாது. அதை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விசாரணைக்கு ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வேலையே போதுமான பதில்.

முதல் வாரத்தில் வந்த ஊகங்கள் என்ன ஆயின என்பதை உங்கள் மச்சானுக்கு நினைவூட்டுங்கள். தொலைவிலிருந்து எடுத்த மங்கலான கைபேசி வீடியோவைப் பெரிதாக்கி, இறக்கையின் பிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் நீட்டி மடக்கும் தகட்டை) திறக்க மறந்துவிட்டார்கள் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். இடிபாடுகளில் பிளாப்பின் கைப்பிடி புறப்பாட்டுக்கு உரிய 5 டிகிரி நிலையில்தான் இருந்தது. பறவை மோதியது என்றார்கள். விமானம் சென்ற பாதையில் குறிப்பிடத்தக்க பறவை நடமாட்டம் இல்லை என்பது விமான நிலைய கேமராப் பதிவில் தெரிந்தது. ரன்வேயின் பாதியிலிருந்தே கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். விமானம் ரன்வேயின் தொடக்கம் வரை திரும்பிச் சென்று அங்கிருந்துதான் ஓடத் தொடங்கியது. கலப்பட எரிபொருள் என்றார்கள். எரிபொருள் நிரப்பப் பயன்பட்ட வண்டிகளிலும் தொட்டிகளிலும் எடுத்த மாதிரிகள் திருப்திகரமாக இருந்தன. சுமை அதிகம் என்றார்கள்; எடை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தது. ஒரே மாதத்தில் ஐந்து ‘உறுதியான’ காரணங்கள் பொய்த்துப்போயின. அவற்றைச் சொன்னவர்களில் ஒருவராவது மறுபடி வந்து, நான் சொன்னது தவறு என்று ஒரு வீடியோ போட்டிருந்தால் அதை எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

இது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. 1978ஆம் ஆண்டு புத்தாண்டு நாள் இரவில் மும்பையிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் இரண்டு நிமிடத்துக்குள் அரபிக்கடலில் விழுந்து, அதில் இருந்த 213 பேரும் இறந்தார்கள். வெடிகுண்டு என்பதுதான் முதலில் எழுந்த பேச்சு. கடலடியிலிருந்து எடுத்த பாகங்களில் வெடிப்பின் தடயம் இல்லை. கேப்டன் பக்கத்தில் இருந்த, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி பழுதாகி, வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியதும், இருட்டில் அடிவானம் தெரியாத அந்த நேரத்தில் அதை நம்பி அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனதும் பிறகுதான் தெரிந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூருவின் பழைய விமான நிலையத்துக்கு அருகே விழுந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320. 92 பேர் இறந்தார்கள். அது அப்போது புதிதாக வந்த, கணினி வழியாக இயங்கும் விமானம் என்பதால் கணினிதான் கொன்றது என்று நாடே பேசியது. அந்த ரக விமானங்கள் எல்லாவற்றையும் அரசு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. இறங்கும்போது இன்ஜின் குறைந்த விசையிலேயே இருக்கும் ஒரு இயக்க முறையில் விமானம் இருந்ததையும் வேகம் குறைந்துகொண்டே போனதையும் விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று விசாரணை கண்டது. பழைய விபத்தில் ஊர் குண்டைத் தேடியது, கருவி காரணமாக இருந்தது. அடுத்ததில் ஊர் கருவியைக் குற்றம் சொன்னது, மனிதக் கவனம் தவறியிருந்தது. முதலில் மனதில் படுவது எந்தப் பக்கமும் தவறலாம்.

ஆனால் உங்கள் மகளிடம் சொல்ல வேண்டிய விபத்து வேறொன்று. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 தரையிறங்க ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் இரண்டு இன்ஜின்களும் கேட்ட விசையைத் தரவில்லை. விமானம் ரன்வேயை எட்டாமல் அதற்கு முந்தைய புல்வெளியில் விழுந்து சறுக்கி நின்றது. உள்ளே இருந்த 152 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அன்றும் ஊகங்களுக்குக் குறைவில்லை: அந்த நேரத்தில் விமான நிலையம் வந்த பிரிட்டிஷ் பிரதமரின் வாகன அணிவகுப்பில் இருந்த மின்னணுக் கருவிகள் விமானத்தின் கணினியைக் குழப்பிவிட்டன என்றுகூட எழுதினார்கள். அதைவிடக் கொடுமையானது, நெருக்கடி நேரத்தில் கேப்டன் எதுவும் செய்யாமல் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார் என்று அவருடன் வேலை செய்தவர்களிடையே பரவிய வதந்தி. அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் அவர் வேலையை விட்டே விலகினார்.

விசாரணை இரண்டு ஆண்டு நடந்தது. இன்ஜினைப் பிரித்தார்கள், எரிபொருளைச் சோதித்தார்கள், கணினிகளைச் சோதித்தார்கள். எதிலும் பழுது இல்லை. எரிபொருளும் தரமாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருக்க இரண்டு இன்ஜினும் எப்படி ஒரே சமயத்தில் சோர்ந்து போகும்? அந்த விமானம் கடும் குளிர் நிலவிய வான்வெளியில் நீண்ட நேரம் பறந்து வந்திருந்தது. விமான எரிபொருளில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் இருக்கும். அது குழாய்களின் உட்சுவரில் மெல்லிய பனியாகப் படிந்திருக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் இன்ஜின் கூடுதல் எரிபொருளைக் கேட்டபோது, ஓட்டம் அதிகமானதால் படிந்த பனி பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் முகத்தில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கருவியில் நுண்குழாய்களின் முனைகள் தகட்டுக்கு வெளியே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன. பனி அந்த முனைகளுக்கு இடையில் சிக்கி நின்றது. விசாரணையாளர்கள் கையில் அந்தப் பனி கிடைத்திருக்க வழியே இல்லை, அதற்குள் கரைந்துவிட்டது. ஆய்வகத்தில் எரிபொருள் குழாய்களை அதே போல அமைத்து, குளிரூட்டி, பனியை வளர்த்து, உடைத்துவிட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கிடையில் அதே 2008 நவம்பரில் அமெரிக்க விமானம் ஒன்றில் ஒரு இன்ஜின் இதே போல விசை இழந்து, பிறகு மீண்டது. அந்தத் தரவும் இந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது. நீட்டிக்கொண்டிருந்த முனைகளைத் தட்டையாக்கிக் கருவியை மாற்றி வடிவமைத்தார்கள்.

கேப்டன் என்ன செய்தார் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. விசை குறைந்து விமானம் தாழ்ந்துகொண்டிருந்த அந்தச் சில விநாடிகளில் அவர் பிளாப்பை ஒரு படி குறைத்தார். அதனால் விமானம் சுமார் 50 மீட்டர் கூடுதலாகப் போய், ரன்வேக்கு முன்னால் இருந்த ஆன்டெனா அமைப்பைத் தாண்டி விழுந்தது. உறைந்து உட்கார்ந்திருந்தார் என்று சொல்லப்பட்ட மனிதர் எடுத்த முடிவு அது. பின்னர் அவர் அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார். உயிரோடு இருந்தவருக்கே பேர் மீள இத்தனை காலம் ஆயிற்று என்றால், அகமதாபாத்தில் இறந்த இரண்டு விமானிகளும் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் கைபேசி இருக்கிறது. உங்கள் குடும்பக் குழுவில் வரும் வீடியோ அந்த வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது.

‘விமானியே வேண்டுமென்று செய்வது உலகத்தில் நடக்காததா’ என்று உங்கள் மச்சான் கேட்பார், கேட்பதில் தவறில்லை. நடந்திருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசெல்டோர்ஃபுக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். கேப்டன் வெளியே போனதும், கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டதும், அவர் கதவைத் தட்டியதும் உடைக்க முயன்றதும் குரல் பதிவில் இருந்தன. தானியங்கிக் கருவியில் பறக்கும் உயரம் 100 அடி என்று மாற்றி வைக்கப்பட்டது தரவுப் பதிவில் இருந்தது. அதே நாள் முந்தைய பயணத்திலும் அவர் அந்த உயரத்தை வைத்துப் பார்த்திருந்ததும் தெரிந்தது. ஒன்றை ஒன்று சாராத பல சான்றுகள் ஒரே பக்கம் சுட்டின. அகமதாபாத் முதற்கட்ட அறிக்கையில் அப்படிப்பட்ட சான்றுக் கோவை எதுவும் நம் முன் வைக்கப்படவில்லை. நாளைக்கு அப்படிச் சான்று வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள்தான் நாம். விமானிகள்மேல் உள்ள மரியாதைக்காக உண்மையைத் தள்ளிவைக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. சான்று வரும் முன் தீர்ப்பு வரக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை. 2025 ஜூலையில் ஒரு அமெரிக்க நாளிதழ் கேப்டன்மேல் சந்தேகம் விழும்படி செய்தி வெளியிட்டபோது, நம் புலனாய்வுப் பிரிவு இத்தகைய முடிவுகள் வேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரும் அந்தச் செய்திகள் அவசரமானவை, ஊகமானவை என்றார். இரு நாட்டு விசாரணையாளர்களும் ஒரே குரலில் பேசியது எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்த விசாரணை எதற்காக நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தொப்பூர் கணவாயில் பேருந்து ஓட்டியவர் நீங்கள். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவு உங்களுக்கு அத்துப்படி. ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறினால் மறுநாள் ‘ஓட்டுநரின் அலட்சியம்’ என்று ஒரு வரி வரும். வழக்கும் அவர்மேல் முடியும். அவர் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கியிருக்கலாம், தவறு அவருடையதாகவே இருக்கலாம். ஆனாலும் வேறு வேறு மாநிலத்து ஓட்டுநர்கள், வேறு வேறு வண்டிகள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தார்களே, ஏன்? சரிவின் நீளம், வளைவு, பாரம், பிரேக் சூடாகும் விதம் என்று கேள்வியை மாற்றிக் கேட்ட பிறகுதான் சாலையையே திருத்தி அமைக்கும் திட்டம் பேச்சுக்கு வந்தது. ஓட்டுநரைத் தண்டித்ததோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. விமான விசாரணையும் அப்படியே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அதன் நோக்கம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு விமானியின் கை தவறியே இருந்தாலும், அந்தத் தவறு நேர இடம் கொடுத்த வடிவமைப்பு எது, பயிற்சி எது, பணிநேரம் எது என்று விசாரணை மேலே போக வேண்டும். குற்றவழக்கும் இழப்பீட்டு வழக்கும் தனி வழியில் நடக்கும்.

குரல் பதிவை மறைக்கிறார்களா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதே விதியில்தான் பதில் இருக்கிறது. காக்பிட் குரல் பதிவை விசாரணைக்குத் தேவையான அளவுக்கு மேல் வெளியிடக்கூடாது என்பது நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு. இறந்தவர்களின் கடைசி நொடிகள் யூடியூபில் பின்னணி இசையோடு ஓடக்கூடாது என்பது ஒரு காரணம். தங்கள் பேச்சு நாளை ஊர் முழுக்க ஒலிக்கும் என்ற பயம் வந்தால் உலகத்தின் விமானிகள் காக்பிட்டில் மனம்விட்டுப் பேசத் தயங்குவார்கள், அது அடுத்த விபத்துக்கு வழி செய்யும் என்பது இன்னொன்று. இந்த விபத்தில் முன்பக்கக் கருப்புப் பெட்டியிலிருந்து 2 மணி நேரக் குரல் பதிவு கிடைத்திருக்கிறது. பின்பக்கப் பெட்டி வழக்கமான முறையில் தரவை எடுக்க முடியாத அளவுக்குச் சேதமாகியிருந்தது. குரலை அடையாளம் காண்பது, பின்னணியில் கேட்கும் ஒவ்வொரு ‘டக்’ சத்தத்தையும் பிரித்து எது எதன் ஓசை என்று பொருத்திப் பார்ப்பது, அதைத் தரவுப் பதிவின் விநாடிகளோடு ஒப்பிடுவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒரு குறையை நான் சொல்லியே ஆக வேண்டும். முதற்கட்ட அறிக்கையில் அந்த ஒரு கேள்வியையும் பதிலையும் மட்டும், பேசியவர்களைக் குறிப்பிடாமல், நேரமும் குறிக்காமல் கொடுத்தது நல்லதாகப் படவில்லை. ஒன்று முழுமையாகக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இறுதி அறிக்கை வரை வைத்திருந்திருக்க வேண்டும். பாதி சொன்னதால்தான் மீதியை ஆளுக்கு ஆள் எழுதிக்கொண்டார்கள்.

இனி உங்கள் மகள். விமானி வேலையில் பழி வரும் என்ற பயத்தால் அவரைத் தடுக்காதீர்கள். ஒரு ஓட்டுநருக்கு வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எப்படி நினைத்திருப்பீர்களோ, அந்த அக்கறையோடு இந்த அறிக்கையைப் படிக்கும் பிள்ளைதான் நல்ல விமானியாவார். ‘அவன் செய்தான், இவன் செய்தான்’ என்ற பேச்சிலிருந்து விலகி, அந்த அரை நிமிடத்தில் தான் அந்த இருக்கையில் இருந்தால் என்ன பார்த்திருப்பேன், எதைச் சொல்லியிருப்பேன் என்று அவர் யோசிக்கட்டும். யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே முதலில் பேச்சைத் தொடங்குங்கள், அறிக்கையைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தோப்பைக் கடனுக்கு வைப்பதற்கு முன்னால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையும் பிறகு முதல் வகுப்புப் பரிசோதனையும் முடித்துவிடுங்கள். அதில் தேறினால்தான் வணிக விமானி உரிமம் கிடைக்கும் என்பதால் பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மச்சானோடு குழுவில் சண்டை போட வேண்டாம். அவர் அடுத்த வீடியோ போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ உங்கள் மகளையே கேட்கச் சொன்னாலும் சரி. பக்க எண் வந்தால் எல்லோரும் படிக்கலாம். வராவிட்டால் அடுத்த செய்திக்குப் போகலாம்.

இறுதி அறிக்கையை ஓராண்டுக்குள் தர வேண்டும் என்பது விதி; முடியாவிட்டால் விபத்தின் ஒவ்வொரு ஆண்டு நிறைவு நாளிலும் இடைக்கால அறிக்கை தர வேண்டும். அது நீளமாக இருக்கும், தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்திருக்கும். அதைத் தொடக்கத்திலிருந்து படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் கடைசியில் வரும் பாதுகாப்புப் பரிந்துரைகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஸ்விட்ச்சை மாற்றச் சொல்கிறார்களா, பயிற்சியை மாற்றச் சொல்கிறார்களா, கண்காணிப்பை மாற்றச் சொல்கிறார்களா என்பது அங்கே இருக்கும். படித்துவிட்டு எந்த வரி புரியவில்லையோ அதை எனக்கு எழுதுங்கள். உங்கள் மகள் எழுதினால் இன்னும் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.